பதினெட்டு வினாடி மங்கல்

கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் போன வாரம் என் வீடு தேடி வந்தீர்கள். பழுது நீங்கிய பிறகும் மின்னழுத்தம் சில நேரம் மெதுவாக ஏறுகிறதே, அதற்கு எப்படிக் கணக்குப் போடுவது என்று கேட்டீர்கள். கணக்கு புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப் போவது புத்தகத்தில் இல்லாதது. அந்த மெதுவான ஏற்றத்தை வைத்துக்கொண்டு ஒரு யோக்கியமான மனிதரைப் பொய்யர் என்று நான் நிரூபித்த கதை. நிரூபித்தேன் என்று சும்மா சொல்லவில்லை. ஐந்து பக்க அறிக்கை, தட்டச்சு செய்தது, மூன்று பிரதிகள்.

அப்போது நான் பினாங்கு அலுவலகத்தில் விசாரணைகளை எழுதுகிற பொறியாளர். எங்காவது லைன் விழுந்தால், டிரான்ஸ்பார்மர் புகைந்தால், யார் எப்போது என்ன செய்தார் என்று தோண்டுவது என் வேலை. முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘மாத்தா’ என்று பெயர். நம் ஊரில் போலீஸ்காரரை அப்படித்தானே சொல்கிறோம். அந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியும், வைத்தவர் யார் என்பது உட்பட. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் பேச்சு நின்றுவிடும். அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, மதியம் இரண்டரை மணி, சுட்டெரிக்கிற வெயில். பாலிக் புலாவ் மலைச்சரிவில் வளர்ந்து நின்ற மூங்கில் ஒன்று சாய்ந்து உயர் அழுத்தக் கம்பியைத் தொட்டது. அந்த லைன் தானாகத் துண்டித்துக்கொண்டது. பக்கத்திலேயே ஓடுகிற இன்னொரு லைன் சுமையை எடுத்துக்கொண்டது. இதுவரை எல்லாம் ஒழுங்கு. இப்படிப்பட்ட நேரத்தில் மின்னழுத்தம் ஒரு கணம் விழுந்து, கண் இமைப்பதற்குள் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். அன்றைக்கு வரவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் முள் கீழேயே நிற்பதைப் பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். வீடுகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த பாயான் பாரு பக்கம் மின்னழுத்தம் வழக்கத்தில் முக்கால் பங்கிலேயே பதினெட்டு வினாடி கிடந்திருக்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, வழக்கமான அளவையும் தாண்டிப் போய், அப்புறம்தான் அடங்கியது.

வீட்டில் இருப்பவருக்குப் பதினெட்டு வினாடி ஒன்றுமே இல்லை. தொழிற்சாலைக்கு அப்படி இல்லை. அங்கே இயந்திரங்கள் நின்று, பாதி செய்திருந்த சரக்கெல்லாம் பாழாகிவிட்டது. மறுநாள் காலையிலேயே தலைமையகத்திலிருந்து எங்கள் டிவிஷன் தலைவருக்கு போன் வந்தது. அவரை நாங்கள் பாஸ் என்போம். நல்ல மனிதர்தான். ஆனால் மேலே இருந்து போன் வந்துவிட்டால் கீழே யார் கழுத்து கிடைக்கும் என்று தேடுவார். என்னைக் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை விசாரணை வெச்சிருக்கேன். அதுக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும்.”

“காரணம் வேணுமா பாஸ், பேரு வேணுமா?”

“காரணத்தை நீயே எழுதிக்கோ லா. ஹெட் ஆபீஸ்ல பேரைத்தான் கேக்கறான்.”

நான் மறுத்துப் பேசவில்லை. பெயர் கண்டுபிடிப்பதில்தான் எனக்குக் கைராசி அதிகம்.

லைனில் பழுது வந்தால் அதை உணர்ந்து, லைனைத் துண்டிக்கிற பிரேக்கரைத் திறக்கச் சொல்வது ரிலே. அது ஒழுங்காக வேலை செய்தால் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பழுது கழன்றுவிடும். முள் ஏறாமல் கீழேயே நின்றால் எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பேச்சு உண்டு: “ஃபால்ட் இன்னும் மேல உக்காந்திருக்கு.” மின்னழுத்தம் குறைவாக இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். பழுது உட்கார்ந்திருக்கிறது என்றுதான் சொல்வோம். இருபது வருஷமாக அப்படிப் பேசிப் பேசி, இரண்டும் வேறு வேறு என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது. ஆகவே பதினெட்டு வினாடி முள் ஏறவில்லை என்றால் பதினெட்டு வினாடி பழுது உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் ரிலே அவ்வளவு நேரம் தூங்கிவிட்டுத்தான் லைனைத் துண்டித்திருக்கிறது. ரிலே தூங்கியது என்றால் அதைக் கடைசியாகச் சோதித்தவர் யார்?

சிவநேசன். நாங்கள் நேசன் என்போம். தீவில் இருந்த ரிலேக்கள் எல்லாம் அவர் கையால் சோதிக்கப்பட்டவை. என்னைவிட வயதில் மூத்தவர், பதவியில் கீழே. அதிகம் பேசாதவர். ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்தது. குடும்பத்தோடு அலுவலகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அந்த ரிலேயை இரண்டு வாரத்துக்கு முன்பு சோதித்ததாகத் தாள் கொடுத்திருந்தார். அந்தத் தாள் பொய் என்று முடிவானால் வேலை போகும், பென்ஷன் போகும், வீடும் போகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் அந்தத் தாளைப் பார்த்தேன். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதிய கையெழுத்து. சப்ஸ்டேஷன் உள்ளே நின்று சோதிக்கிறவனுக்கு வியர்வை சொட்டும், கை கறுக்கும். இந்தத் தாளில் ஒரு விரல் ரேகைகூட இல்லை. கோப்பிக்கடையில் உட்கார்ந்து எழுதிய தாள் என்று எனக்குப் பட்டது. அடுத்து வேனின் மீட்டர் புத்தகத்தைப் புரட்டினேன். சோதனை நாளன்று சப்ஸ்டேஷனுக்குப் போய் வர ஓட வேண்டியதைவிட வேன் கூடுதலாக ஓடியிருந்தது, போய் வந்தால் சரியாக பாலிக் புலாவ் தூரம். வேன் கழுவுகிற பெண்மணியைக் கேட்டேன். “அதை ஏன் கேக்கறீங்க சார், அதுக்கப்புறம் மூணு நாள் ஒரே டுரியான் நாத்தம்” என்றார்.

டுரியான் பழ சீசனில், ஜூன் மாதம், பாலிக் புலாவுக்கு ஒருவன் எதற்குப் போவான் என்று பினாங்கில் யாரும் விளக்க வேண்டியதில்லை. நேசனைக் கூப்பிட்டேன்.

“அன்னிக்கு டெஸ்ட் முடிச்சிட்டு நேரா ஆபீஸ் வந்தீங்களா?”

“ஆமா சார்.”

“பாலிக் புலாவ் பக்கம் போகல?”

ஒரு கணம் அவர் கண் ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. “இல்ல சார்.”

“வேன்ல டுரியான் வாசனை?”

“எனக்குத் தெரியாது சார்.”

வேன் ஓட்டுநர் ஹமிட்டைக் கேட்டேன். அவரும் தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றார். இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த விஷயத்தில் நான் நினைத்தது சரியும்கூட. டுரியானில் பொய் சொல்கிறவர் ரிலேயில் உண்மை சொல்வாரா என்பதுதான் என் தர்க்கம். டெஸ்ட் நடக்க வேண்டிய நேரத்தில் இரண்டு பேரும் பழம் சாப்பிடப் போய்விட்டார்கள், தாளை வந்து நிரப்பிக்கொண்டார்கள். வழக்கு முடிந்தது.

இப்போது கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் செய்ததிலேயே வெட்கப்பட வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

நேசனைக் காப்பாற்றக்கூடிய சாட்சிகள் எதிரே வரிசையாக வந்து நின்றன. ஒரு ரிலே தூங்கினால் அதற்குப் பின்னால் காவலுக்கு இருக்கும் மற்ற ரிலேக்கள் ஒன்றிரண்டு வினாடியில் எழுந்து வேலை செய்திருக்க வேண்டும். ஒன்றுகூட அசையவில்லை. அப்படியென்றால் பழுது அவ்வளவு நேரம் இல்லவே இல்லை என்று யோசிக்க வேண்டாமா? நான் எழுதியது: ‘அவற்றையும் சோதித்தவர் இவரே.’ பட்டர்வொர்த்திலிருந்து வேறொருவரை வரவழைத்து அதே ரிலேயைச் சோதித்தேன். டக்கென்று வேலை செய்தது. நான் எழுதியது: ‘சம்பவத்துக்குப் பின் சரிசெய்யப்பட்டிருக்கலாம்.’ ரிலேயின் கண்ணாடி மூடியில் ஈய முத்திரை பிரியாமல் இருந்தது. நான் எழுதியது: ‘முத்திரைக் குறடு இவர் வசமே உள்ளது.’ எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் என் சந்தேகம் அதைத் தின்றுவிட்டு இன்னும் கொழுத்தது.

புதன்கிழமை மாலை அறிக்கையை பாஸிடம் கொடுத்துவிட்டு இறங்கும்போது நேசன் மாடிப்படியில் நின்றிருந்தார்.

“சார், நான் டெஸ்ட் போட்டேன்.”

“நம்பர்லாம் எங்க எழுதினீங்க?”

“சிகரெட் டப்பா உள்பக்கத்துல. ஆபீஸ் வந்து தாள்ல நல்லா எழுதுவேன். எப்பவும் அப்படித்தான் சார். கை எண்ணெயா இருக்கும், தாள் அழுக்காயிடும்.”

“டப்பா எங்க?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க நேசன்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அவர் பின்னால் வரவில்லை. அங்கேயே நின்றார் என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை புகார்ப் பிரிவுக்குப் போனேன். மனம் மாறிப் போகவில்லை. அறிக்கைக்கு இன்னும் ஒரு ஆணி அடிக்கத்தான் போனேன். மின்சாரம் எப்போது போனது, எப்போது வந்தது என்று பொதுமக்கள் சொன்ன நேரத்தையும் சேர்த்துவிட்டால் யாரும் அசைக்க முடியாது என்று நினைத்தேன்.

புகார்ப் பிரிவில் போன் எடுப்பவர் மிஸ் பாக்கியம். யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. ஆபீஸில் ஆங்கிலம் பேசுவார், கோபம் வந்தால் வீட்டுத் தமிழ் வந்துவிடும். திங்கட்கிழமைப் படிவங்களைக் கட்டாக எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் ‘துண்டிப்பு’ என்ற பெட்டியில் டிக் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலில் சின்னதாக ஒரு ‘ம’.

“இதென்ன மிஸ், எல்லாத்துலயும் ஒரு ம?”

“அது என்ரை குறிப்பு.”

“துண்டிப்புன்னு டிக் போட்டிருக்கே, அப்புறம் என்ன குறிப்பு?”

“வேற எதில டிக் போடுறது? போர்மில துண்டிப்புக்கு மட்டும்தான் பெட்டி கிடக்கு. அண்டைக்கு ஒரு ஆளும் கரண்ட் போச்செண்டு சொல்லேல்லை சேர். லைட் மங்கிப் போச்செண்டுதான் சொன்னவை. மலாய்க்காரர் மலாப் எண்டினம். ரெண்டுக்கும் ம தானே. சீனச் சனம் சொன்னதுக்கும் அதையே போட்டு விட்டன்.”

“போறதும் மங்கறதும் நமக்கு ஒண்ணுதான் மிஸ்.”

மிஸ் பாக்கியம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உங்களுக்கு ஒண்டா இருக்கலாம். போன் எடுத்த சனத்துக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. லைட் மங்கலா எரிஞ்சதாம், ஏர்கோன் மட்டும் முனகிக்கொண்டு நிண்டதாம், குளிர் வரேல்லையாம். கொஞ்சத்தால ஏர்கோன் தானா நிண்டிட்டுதாம். பிறகு அஞ்சாறு நிமிசத்தால தானா ஓடத் துவங்கினதாம். பாயான் பாருவில இருந்து வந்த கோல் எல்லாம் இதே கதைதான். ஏர்கோன் பழுதாப் போச்செண்டு எனக்கு ஏச்சு வேற.”

எனக்கு எரிச்சலாக வந்தது. ஏர்கோன் முனகினால் எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டே கட்டை வாங்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில்தான் ஒரு சந்தேகம் தட்டியது. முதல் தடவையாக அந்தச் சந்தேகம் நேசன் பக்கம் போகவில்லை. எல்லா ஏர்கோனும் ஏன் ஒரே மாதிரி முனக வேண்டும்? எல்லாம் ஏன் தானாக நிற்க வேண்டும்?

எங்கள் அலுவலக ஏர்கோனைப் பழுது பார்க்க வரும் செல்வத்துக்கு போன் போட்டேன்.

“தம்பி, ஓடிக்கிட்டு இருக்கற ஏர்கோனுக்கு ஒரு செகண்ட் வோல்டேஜ் படுத்தா என்ன ஆகும்?”

“ஒரு செகண்ட் எதுக்கு அண்ணே, அதுல பத்துல ஒரு பங்கே போதும். கம்ப்ரஸர் மாட்டிக்கும். சுத்தாது, முக்கிக்கிட்டே கிடக்கும்.”

“வோல்டேஜ் உடனே வந்துட்டா சுத்துமா?”

“சுத்தாது லா. உள்ள பிரஷர் இருக்குல்ல, எழுந்திரிக்க முடியாது. நின்ன இடத்துலயே அஞ்சு ஆறு மடங்கு கரண்ட இழுக்கும். சூடாகி உள்ள இருக்கற சுவிட்ச் கட் ஆகற வரைக்கும் விடாது.”

“எவ்ளோ நேரம் இழுக்கும்?”

“ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. பத்து செகண்ட், இருபது செகண்ட். ஏன் அண்ணே, ஆபீஸ் ஏர்கோன் போச்சா?”

ஓடுகிற பஸ்ஸில் திடீரென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்குவார்களே, அதுதான் நடந்திருக்கிறது. பிரேக் போட்டது மூங்கில், ஒரு கணம்தான். பஸ் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் பாயான் பாருவில் வீடு வீடாக மாட்டியிருந்த ஏர்கோன்கள் அத்தனையும் சுற்றாமல் நின்று, ஒரே நேரத்தில் ஐந்து மடங்கு ஆறு மடங்கு இழுத்துக்கொண்டு மின்னழுத்தத்தை மேலே வர விடாமல் தொங்கியிருக்கின்றன. சூடேறி ஒவ்வொன்றாகக் கை விட்டபோதுதான் முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. எல்லாம் விட்ட பிறகு இழுக்க ஆள் இல்லாமல் வழக்கத்தையும் தாண்டிப் போனது. நாலைந்து வருஷத்துக்கு முன்பு அந்தப் பக்கத்தில் இவ்வளவு ஏர்கோன் கிடையாது. அதனால் நாங்கள் இதைப் பார்த்ததே இல்லை.

அறைக்கு ஓடி வந்து, அன்றைய மின்னழுத்தத்தைப் பதிவுக் கருவி வரைந்திருந்த தாளை விரித்தேன். மின்னழுத்தம் விழுந்தால்தான் அந்தப் பதிவுக் கருவியின் தாள் வேகமாக ஓட ஆரம்பிக்கும். மோட்டார் வேகம் பிடிக்க அரை வினாடி ஆகும். பழுது இருந்ததோ அதில் ஐந்தில் ஒரு பங்கு நேரம். அதாவது என் தாளில் பழுதே இல்லை. பழுது முடிந்த பிறகு நடந்ததை மட்டும் அது வரைந்திருந்தது. மூன்று நாள் நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது பழுது போன பிறகு எடுத்த படம்.

அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. இது ஒரு கதைதான், நேசன் ஆள் செட் பண்ணி மிஸ் பாக்கியத்திடம் சொல்லச் சொல்லியிருந்தால் என்று ஒரு கணம் தோன்றியது. நம்புங்கள், தோன்றியது. யாரும் கை வைத்திருக்க முடியாத சாட்சி ஒன்று வேண்டும் என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் மூங்கில் சாய்ந்து நின்றது.

லைன்மேன்கள் செவ்வாய்க்கிழமை காலை வெட்டிக் கொண்டுவந்த அதே மூங்கில். நானே நூலில் அட்டை கட்டி, எண் போட்டு, மூலையில் நிறுத்தி வைத்திருந்தேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அதன் பக்கம் திரும்பவில்லை. கம்பியைத் தொட்ட நுனியில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே இலைகள் வாடியிருந்தனவே தவிர, ஒன்றுகூடக் கருகவில்லை. பதினெட்டு வினாடி பழுது உட்கார்ந்திருந்தால் அந்த மூங்கில் சாம்பலாகியிருக்கும், கம்பி உருகி அறுந்து விழுந்திருக்கும். லைன்மேனை வரவழைத்துக் கம்பியைப் பற்றிக் கேட்டேன். “நகக்கண் அளவுக்கு ஒரு பொட்டு சார், அவ்ளோதான். செவ்வாக்கிழமையே எழுதிக் குடுத்தேனே” என்றார். எழுதித்தான் கொடுத்திருந்தார். என் கோப்பிலேயே இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அறிக்கையைத் திரும்ப வாங்க பாஸிடம் ஓடினேன்.

“காலையிலேயே கே.எல். ஹெட் ஆபீஸுக்கு அனுப்பியாச்சே” என்றார்.

“பாஸ், நான் எழுதினது தப்பு. நேசன் மேல ஒண்ணும் இல்ல. ஏர்கோன்தான்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “ஏர்கோன் மேல விசாரணை வைக்கச் சொல்றியா? போய்த் தண்ணி குடி. நாளைக்குக் கேட்டா எழுதினதையே சொல்லு.”

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்றும் எனக்குச் சந்தேகம் வந்தது. பாயான் பாருவில் சுமை ஏறிக்கொண்டே போகிறது, மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க அங்கே கருவிகள் வேண்டும் என்று திட்டப் பிரிவு கொடுத்த கடிதம் அவர் அலமாரியில் வெகு நாளாகத் தூங்குகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏர்கோன் என்று அறிக்கை போனால் அந்தக் கடிதமும் வெளியே வரும். அதனால்தானா, இல்லை, மாற்றி எழுதினால் அசிங்கம் என்றுதானா? எனக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் ஒரு ஆள் மேல் வழக்கு ஜோடித்தது போதும் என்று அதைத் தோண்டாமல் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து மூன்று மணிக்கு விசாரணை. மேலிடத்திலிருந்து மூன்று பேர், பக்கத்தில் பாஸ். எதிரே நேசன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு. அறிக்கையைப் படிக்கச் சொன்னார்கள். நான் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு போய் மேசை மேல் வைத்தேன். பாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

“இந்த அறிக்கையை எழுதினவன் நான். இது தப்பு” என்று ஆரம்பித்தேன். மூங்கிலைக் காட்டினேன், தாளைக் காட்டினேன், மிஸ் பாக்கியத்தின் ‘ம’க்களைக் காட்டினேன். ஒரு மணி நேரம் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். நான் நேசனைக் கேட்டதைவிட யோக்கியமான கேள்விகள். கடைசியில் நடுவில் இருந்தவர் நேசன் பக்கம் திரும்பி, பாலிக் புலாவுக்குப் போனது உண்மையா என்று கேட்டார்.

“போனோம் சார். டெஸ்ட் முடிச்சிட்டுப் போனோம். சீசன், ஆசை. ஹமிட்டுக்கு ஏற்கனவே ஒரு வார்னிங் இருக்கு. வேனைச் சொந்த வேலைக்கு எடுத்தான்னு தெரிஞ்சா அவனுக்கு வேலை போயிடும். அதான் இல்லேன்னேன்.”

அவ்வளவுதான் அந்தப் பெரிய மர்மம். தன் வேலை போகும் நிலையிலும் டிரைவரின் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அங்கேயே தலை குனிந்துவிட்டது. நேசன் மீது இருந்த குற்றச்சாட்டைத் தள்ளினார்கள். வேன் விஷயத்துக்கு இரண்டு பேருக்கும் வாய்மொழியாக ஒரு கண்டிப்பு. அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பாயான் பாருவுக்கு வேண்டிய கருவிகள் ஒரு வழியாக வந்து சேர்ந்தன. நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பவை அவற்றுக்குப் பின்னால் வந்தவை.

திங்கட்கிழமை கேன்டீனில் நேசன் எதிரே போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் தே தாரிக் தேநீரை ஆற்றிக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“சார், மாடிப்படியில டப்பா எங்கன்னு கேட்டீங்க பாருங்க. அப்ப நீங்க கேக்கவே இல்ல. முடிவு பண்ணிட்டு, வாயை மட்டும் அசைச்சீங்க.”

அவர் எழுந்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை என் அறைக்கு போன். “சார், ரிலே டெஸ்ட். வாங்க.” எதற்கு என்று கேட்டேன். “சாட்சிக்கு” என்றார். போனேன். சோதனைத் தாளின் அடியில் ஸ்கேல் வைத்துப் பென்சிலில் ஒரு கட்டம் போட்டு, ‘உடன் இருந்து பார்த்தவர்’ என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி, என்னை முள்ளைப் பார்க்க வைத்து, பிறகு எழுதினார். எண்ணெய்க் கையோடு, அழுக்குத் தாளில். நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த தடவையும் கூப்பிட்டார். அதற்கு அடுத்த தடவையும். ஆறு வருஷம் ஒரு சோதனைகூட என்னை விட்டுவிட்டுப் போடவில்லை. மழையில் கூப்பிட்டிருக்கிறார், தீபாவளிக்கு முதல் நாள் கூப்பிட்டிருக்கிறார். எனக்குத் தண்டனை கொடுக்கிறார் என்று நினைத்தேன். கொடுக்கட்டும் என்று போனேன். நடுவில் யாரோ படிவத்தைப் புதிதாக அச்சடித்தபோது அந்தப் பென்சில் கட்டத்தையும் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள். உங்கள் தாளில் இன்றைக்கும் இருப்பது அதுதான். ஆபீஸில் இருந்தபடியே அதில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நேசன் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் அவருடைய கடைசிச் சோதனை. நான் சப்ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். தாள் முழுவதும் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. என் கட்டம் மட்டும் காலி.

“முன்னாலேயே முடிச்சிட்டேன் சார். போடுங்க” என்று பேனாவை நீட்டினார்.

ஆறு வருஷமாக நான் காத்திருந்த இடம் இதுதான் என்று நினைத்தேன். இந்த மனிதரை நான் இப்போது முழுசாக நம்புகிறேன் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஒரு எண்ணைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன்.

நேசன் கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாளை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“அன்னிக்குப் பாக்காம என்னைப் பொய்யன்னீங்க. இன்னிக்குப் பாக்காம யோக்கியன்ங்கறீங்க. ரெண்டுத்துலயும் நீங்க என்னைப் பாக்கவே இல்லையே சார்.”

எழுந்து உள்ளே போனார். ரிலேயின் கண்ணாடி மூடியைக் கழற்றி, வயர்களை மாட்டி, புதுத் தாள் ஒன்றை அட்டையில் செருகினார்.

“வாங்க சார். முதல்லேர்ந்து.”

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, முள்ளைப் பார்த்தேன்.